அவசரத்துக்கு ஒரு கடை

ஆறு மணிக்கு முன்பே ஷட்டர் ஏறிவிடுகிறது. குலசேகரன்பட்டினம் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி வாசலில் தண்ணீர் தெளிக்கிறார், சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துகிறார், அதே ஊதுபத்தியைக் கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் ஒரு சுற்றுக் காட்டுகிறார். தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டையும், பணம் வந்தால் கூவுகிற சின்ன ஒலிப்பெட்டியும் இருக்கின்றன. யோசித்துவிட்டு அவற்றுக்கும் ஒரு சுற்று.

எதிர்ச் சாரியில் டீக்கடை. அதன் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. திருச்செந்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற ஆள் என்று விட்டுவிடுகிறார்கள். பஸ் வந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தால் டீ மாஸ்டர் மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். இன்னொரு டீ சொல்லிவிட்டால் அதுவும் சரியாகிவிடும்.

முதல் ஆளாக ஒரு பையன் வருகிறான். எட்டு வயது இருக்கும். பல் தேய்த்த நுரை கடைவாயில் இன்னும் காயவில்லை. “அண்ணாச்சி, பத்து ரூவாய்க்கு நல்லெண்ணெ, அஞ்சு ரூவாய்க்குப் புளி. அம்ம நோட்டுல எழுதிக்கிடச் சொன்னாவ” என்று சொல்லிக்கொண்டே ஒரு ரூபாய் நாணயத்தை நீட்டுகிறான். விடிந்ததும் முதல் வியாபாரமே கடனாக இருக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் கொள்கை. அது தெரிந்துதான் அம்மா போணிக்கு ஒரு ரூபாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுகிறார். மிச்சம் பதினாலு ரூபாய் நோட்டில் ஏறுகிறது. பையன் புளியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டே போகிறான்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளவாக்கில் தைத்த, அட்டை முனை பிய்ந்த நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். தலைப்பில் ஆள் பெயர் கிடையாது. ‘கிணத்தடி மாமி’, ‘மோட்டார் வீடு’, ‘ஐஸ் வண்டித் தம்பி’, ‘பழைய வாத்தியார்’. புது வாத்தியார் இன்னும் நோட்டுக்கு வரவில்லை, அவர் அட்டை தேய்க்கிற ஆள். கச்சான் காற்று வலுத்தால் வள்ளம் இறங்காது. வள்ளம் இறங்காத வாரங்களில் கடலோர வீடுகளின் பக்கங்களில் பற்று மளமளவென்று நீளும். மீன்பாடு நன்றாக இருக்கிற வாரத்தில் ஒரே கோட்டில் அடிபடும். வங்கியில் வருமானச் சான்று கேட்பார்கள். இங்கே அண்ணாச்சி வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார், அவ்வளவுதான். வட்டி கிடையாது. ‘வட்டி இல்லாமல் இருக்குமா, விலையிலேயே வைத்திருப்பார்’ என்று பெஞ்சில் பக்கத்து ஆள் முணுமுணுத்தார். இருக்கலாம்.

ஏழு மணிக்கு மேல் கரையிலிருந்து மீன்காரப் பெண்கள் ஏறிவருகிறார்கள். தலையில் அலுமினியச் சட்டி, அதில் சாளை, நெத்திலி, ஒருத்தி சட்டியில் மட்டும் துணி போர்த்திய ஒற்றைச் சீலா. சீலாவுக்கு ஆள் சொல்லிவைத்தாயிற்று, அது யார் வீட்டுக்குப் போகிறது என்று பஜாருக்கே தெரியும். பாதிச் சட்டி விற்ற ஒரு அம்மா கடைக்கு முன் சட்டியை இறக்கிவைத்து, இடுப்புச் சுருக்கிலிருந்து நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுக்கிறாள். நடுவில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, ஓரத்தில் மஞ்சள் கறை. அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறார். ஒன்பது மணிக்கு லைன் வண்டிக்காரர் சோப்பும் பிஸ்கட்டும் இறக்கியபோது அந்த நோட்டை அவரிடம் தள்ளப் பார்த்தார். “இது வேண்டாம் அண்ணாச்சி, கம்பெனியில கட்ட முடியாது” என்று திருப்பிவிட்டார். பத்தரைக்கு அந்த நோட்டு டீக்கடைக்கு வந்தது. டீ மாஸ்டர் பதினொரு மணிக்கு அதைக் கொடுத்து மத்தியானக் குழம்புக்குச் சாளை வாங்கினார், அதே அம்மாவிடம். கிழிந்த நோட்டு, ஊரை விட்டு வெளியே போக முடியாததால் ஊருக்குள்ளேயே மூன்று குடும்பத்துக்கு வேலை செய்துவிட்டது. ஒலிப்பெட்டி கூவிய பணமெல்லாம் அதற்குள் கம்பெனி கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

முதுகில் பெரிய சதுரப் பையோடு ஒரு இளைஞன் பைக்கில் வந்து நிற்கிறான். பார்சல் பையன். பக்கத்து ஊர்க்காரன்தான், பேச்சிலேயே தெரிகிறது. பையிலிருந்து ஒரு பொட்டியை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டி, “இந்த வீடு எங்கன அண்ணாச்சி?” என்கிறான். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்துப் பார்த்து, “பள்ளிவாசல் தெருவுல மூணாவது. ஆனா அவிய வீட்ல இல்லலா, காயல்பட்டணம் போயிருக்காவ. இங்கன வச்சிட்டுப் போ” என்கிறார். அரிசிச் சாக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதில் ஏற்கெனவே இப்படி ஐந்தாறு பார்சல்கள் இருக்கின்றன. கூலி இல்லை, கமிஷன் இல்லை, அந்தக் கம்பெனிக்கு இப்படி ஒருத்தர் இருப்பதே தெரியாது.

சாயங்காலம் வந்து வாங்கிப்போகிறவர்களில் சிலர் கடை வாசலிலேயே பிரித்துப் பார்க்கிறார்கள். தோசைக்கல், செல்போன் உறை, குழந்தைக்குச் சட்டை. ஒரு பொட்டிக்குள் குளியல் சோப்பு, ஆறு கட்டி சேர்த்தது. அதே சோப்பு அண்ணாச்சியின் தலைக்கு மேல் அடுக்கியிருக்கிறது. “பன்னெண்டு ரூவா கம்மி அண்ணாச்சி” என்று அந்தப் பெண்ணே சங்கடத்தோடு சொல்கிறாள். “நல்லதுதான் மைனி” என்கிறார். கடன் நோட்டை எடுத்து அவள் வீட்டுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம். காட்டவில்லை.

பன்னிரண்டு ரூபாய் சின்னத் தொகை இல்லை, அதை மிச்சம் பிடிக்கிற வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்தக் கடற்கரைக்குத் தள்ளுபடி என்பது பழைய அனுபவம். இங்கிருந்து வடக்கே தூத்துக்குடியில் 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி, எதிராளி வந்ததும் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனியில் ஓசிப் பயணம், ஏறுகிறவருக்குக் குடையும் இலவசம் என்கிற அளவுக்கு வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-ல் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டது. அதற்குப் பிறகும் குடை கொடுத்தார்களா என்று யோசித்தால் போதும். இன்றைக்கு ‘முதல் ஆர்டருக்கு இவ்வளவு கழிவு’ என்று போனில் வருகிற ஒவ்வொரு செய்தியும் எனக்கு அந்தக் குடையாகத்தான் தெரிகிறது.

இந்த மண்ணில் இதைச் சொல்வதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு அண்ணாச்சி கடை கண்ணில் படும். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், நாசரேத் என்று இந்தத் தேரிக்காட்டுச் சுற்றுவட்டாரத்திலிருந்து பத்து, பன்னிரண்டு வயதில் கடை வேலைக்கு ரயிலேறிய பையன்கள் போட்ட கடைகள் அவற்றில் ஏராளம். அரைத் தூக்கத்தில் பொட்டலம் மடித்து, கடையிலேயே சாக்கு விரித்துப் படுத்து, பத்து வருஷம் கழித்துத் தனிக்கடை. தமிழ்நாட்டுக்கே சில்லறை வியாபாரத்தைச் சொல்லிக் கொடுத்த வட்டாரம் இது. அதன் சொந்த பஜாரில் இப்போது பார்சல் பொட்டி வந்து இறங்குகிறது.

வியாபாரத்தில் வந்த காசு என்ன ஆனது என்பதும் ஆவணமாகவே இருக்கிறது. நாடார் உறவின்முறைக்காரர்கள் விற்ற மூட்டைக்கும் வாங்கிய பெட்டிக்கும் மகமை என்று ஒரு சிறு தொகை எடுத்து வைத்தார்கள். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அந்த மகமையில் எழுந்த பள்ளி. வீட்டுப் பெண்கள் உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்து அதற்குத் துணை நின்றார்கள். கடன் கிடைக்காத வியாபாரிகளுக்காகத் தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கி வந்தது. அதுதான் 1962-ல் பெயர் மாறித் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியானது. சாதி எல்லைக்குள் எழுந்த ஏற்பாடுகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசல் எல்லோருக்கும் திறந்தது. கல்லாவில் விழுந்த காசு ஊரிலேயே தங்கியதால்தான் அது செங்கல்லாகவும் கரும்பலகையாகவும் மாற முடிந்தது.

பதினொரு மணி வெயிலில் ஒரு கார் வந்து நிற்கிறது. வெளியூர் பதிவெண். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு முத்தாரம்மன் கோயிலுக்கும் வந்தவர்கள். அம்மா இறங்கி, “கருப்பட்டி ஒரிஜினல்தானா?” என்று கேட்கிறார். விலை கேட்கும் முன்பே இந்தக் கேள்வி. அண்ணாச்சிக்கு இது பழகிவிட்டது. ஒரு கருப்பட்டியை எடுத்துத் தராசுக் கல்லால் ஓங்கி ஒரு தட்டு. இரண்டாகப் பிளந்ததில் ஒரு சில்லை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறார். “வாயில போட்டு அடக்கி வைங்க. கடிக்காதிய. இனிப்போட லேசா கரிக்கணும். உள்ள கண்ணாடியா மினுங்கிச்சுன்னா அதுல சீனி கெடக்கு.” அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சப்புகிறார். காரிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு இந்த மாவட்டத்தின் ஆத்தூர் வெற்றிலைக்கும் கிடைத்தது. குறியீடு கிடைத்ததும் பெயருக்கு மதிப்பு ஏறியது. பனையேறத்தான் ஆள் ஏறவில்லை. பங்குனிக்குப் பிறகு சில மாதங்கள்தான் பதநீர்க் காலம். அதிகாலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மரமேறிப் பாளை சீவ வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் கள்ளாகிவிடும், வழக்காகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, ஓலையும் பன்னாடையும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சி, கூழ்ப்பதனி ஆகி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். அடுப்பருகில் நின்று துடுப்பால் கிண்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இவ்வளவையும் செய்து வருகிற கருப்பட்டியைச் சீனிப்பாகு கலந்த சரக்கின் விலைக்குக் கேட்டால் காய்ச்சுகிறவர் என்ன செய்வார்? அவரும் சீனி மூட்டை வாங்கப் போவார். போயிருக்கிறார்கள்.

இதில் ஒரு சரித்திரக் குறும்பும் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இதே குலசேகரன்பட்டினத்தில் வேறொரு வெள்ளைக்காரக் கம்பெனி பனங்கருப்பட்டியைக் கரைத்துச் சீனி எடுக்க ஆலை வைத்திருந்தது. சரக்குக்கும் ஆளுக்குமாகத் திருச்செந்தூரிலிருந்து திசையன்விளைப் பக்கம் ஒரு குட்டி ரயிலும் ஓடியது. அன்றைக்குக் கருப்பட்டியிலிருந்து சீனி எடுத்தார்கள். இன்றைக்குச் சீனியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறார்கள். கேட்டுக் கேட்டு வாங்குகிற அந்தக் கார் அம்மாதான் நல்ல கருப்பட்டிக்கு இருக்கிற ஒரே காவல். நாலு கிலோ வாங்கினார். அண்ணாச்சி அதை பாலிதீனில் போடாமல் ஓலைக் கொட்டானில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது வேண்டாவெறுப்பாக வாங்கிப்போட்ட கொட்டான்களாம். இப்போது அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

கொட்டான் முடைகிற கைகள் தெற்கே கொஞ்ச தூரத்தில், மணப்பாட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கின்றன. குன்றின் மேல் சிலுவைக் கோயிலும் கீழே புனித சவேரியார் தங்கிய குகையுமாகப் படம் பிடிக்க வருகிறவர்கள் நிறைய. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, சன்னமாகக் கீறி, சாயம் ஏற்றி, பெட்டி, கூடை, கிலுகிலுப்பை என்று பெண்கள் முடைகிற கூட்டுறவுச் சங்கமும் அந்த ஊரில் உண்டு. படம் பிடித்தவர்களில் எத்தனை பேர் ஒரு பெட்டி வாங்கினார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஊரில் ஊதாரித்தனமாகச் செலவழிக்கிற நாட்கள் முத்தாரம்மன் கோயில் தசராவின் பத்து நாட்கள். நேர்ச்சைக்காரர்கள் மாலை போட்டு, காளி வேஷம், குறவன் வேஷம், குரங்கு வேஷம், போலீஸ் வேஷம் என்று தரித்து, மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுப்பார்கள். அது அம்மன் உண்டியலுக்குச் சேர வேண்டிய காசு. கடை கடையாக ஏறித்தான் எடுக்க வேண்டும். இந்த பஜாரில் ஒரு நாளைக்கு எத்தனை காளி வந்தாலும் அண்ணாச்சி இல்லையென்று சொன்னதில்லை என்கிறார்கள். தட்டில் போடுவதற்கென்றே சில்லறை மூட்டை எடுத்துவைத்திருப்பாராம். காளி வேஷத்தோடு எந்தச் செயலியின் வாசலில் போய் நிற்பது?

ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டுமென்றால் கடையின் குறைகளையும் எழுத வேண்டும். அந்த பெஞ்சிலிருந்து அதுவும் நன்றாகத் தெரிகிறது. குளிர்பானத்துக்கு அச்சடித்த விலைக்கு மேல் இரண்டு ரூபாய், ‘கூலிங்’ கணக்கு. இது சட்டப்படி தப்பு, வாங்குகிறவருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். தேதி முடிந்த பிஸ்கட்டை லைன் வண்டிக்காரர் மாற்றித் தரும் வரை அலமாரியிலேயே வைத்திருக்கிறார். சாமான் இல்லையென்றால் இல்லை என்று சொல்லாமல் “அது இப்ப வாறதில்ல” என்று சொல்வது இந்த வட்டாரக் கடைக்காரர்களின் பொதுப்பழக்கம். அடுத்த தெருக் கடையில் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறொன்று. கல்லூரிப் பையோடு ஒரு பெண் வந்து ஓரமாக நின்றாள். கடையில் மூன்று ஆண்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றாள். ஒருவர் போக இன்னொருவர் வந்தார். அண்ணாச்சி “என்ன தாயி வேணும்?” என்று சத்தமாகக் கேட்டதும், “ஒரு பேனா” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் எதற்கு வந்தாள் என்பது அலமாரியின் மேல் தட்டில், பழைய தினத்தாள் சுற்றி அடுக்கியிருந்தது. அந்தப் பெண் போனில் ஆர்டர் போட்டால் உள்ளூர்ப் பற்று இல்லாதவள் என்று சொல்ல முடியுமா? கையெட்டும் தூரத்தில் ஒரு அடுக்கில் வைத்துவிட்டால் அவளே எடுத்துக்கொண்டு, க்யூஆருக்குக் காசு போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒரு பலகையும் நாலு ஆணியும்தான் செலவு. சாயங்காலம் அண்ணாச்சியின் மனைவி கல்லாவில் உட்கார்கிற ஒன்றரை மணி நேரத்தில் பெண்கள் கூட்டம் தனியாகத் தெரிகிறது. அவர் வந்த பிறகுதான் அந்த மேல் தட்டுக்குக் கை போகிறது. அண்ணாச்சி இதைக் கவனித்திருப்பாரா என்று தெரியவில்லை.

கவனிக்கத் தெரியாதவர் என்று சொல்லிவிடவும் முடியாது. கடைக்கு முன் இப்போது நாலைந்து புதுப் பொருள்கள் தொங்குகின்றன. கடுகெண்ணெய் பாட்டில், ஐந்து கிலோ ஆட்டா, ஒரு வகைப் புகையிலைப் பொட்டலம், சிவப்பு மசூர் பருப்பு. பக்கத்தில் உடன்குடி அனல்மின் நிலைய வேலைக்கும் இன்னும் பல கட்டட வேலைகளுக்கும் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து பையன்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். விரல்களைக் காட்டி விலை பேசிப் பழகி, இப்போது அண்ணாச்சி எண்களை இந்தியிலேயே சொல்கிறார். அவர்கள் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுகிறார்கள். சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் அவர்களுக்கும் நோட்டில் ஒரு பக்கம் விழுந்திருக்கிறது: ‘ஆட்டா பையன்கள்’. ஆதார், முகவரி, ஜாமீன் எதுவும் கேட்கவில்லை.

2024 பிப்ரவரி 28-ல் இங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சிறிய ராக்கெட்டுகளை இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தெற்கே கடல்மேல் அனுப்பலாம் என்பதால் இந்த இடம். ஏவுதளம் முழு வேலைக்கு வரும்போது குடியிருப்பு வரும், பள்ளி வரும், சம்பளம் வாங்குகிறவர்கள் வருவார்கள். கூடவே குளிர்சாதனம் போட்ட பெருங்கடையும் வரும். வரட்டும். அதை மறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறித்துப் பார்த்த கதையும் நமக்கு உண்டு: 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. உள்நாட்டுப் பொவண்டோவுக்கு அப்போது நல்ல கிராக்கி. சில மாதங்களில் பழைய பாட்டில்கள் குளிர்பெட்டிக்குத் திரும்பிவிட்டன. கடைக்காரர் மட்டும் வைராக்கியம் பிடித்துப் பயனில்லை, வாங்குகிறவர் கேட்பதைத்தான் அவர் வைப்பார்.

கேட்க வேண்டிய ஆள் யார் என்பதற்குப் பெஞ்சுப் பேச்சில் ஒரு விஷயம் காதில் விழுந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றது, பார்சலும் நின்றது. அண்ணாச்சி பின்வாசலைத் திறந்துவைத்து, போனில் வந்த சீட்டைப் பார்த்து மூட்டை கட்டிச் சைக்கிளில் கொடுத்தனுப்பினார். திருச்செந்தூரில் மொத்தமாகச் சாமான் வாங்கிப் பழகிய வீடுகளெல்லாம் அப்போது ‘நீங்க இல்லன்னா நாங்க எங்க போவோம்’ என்றன. பஸ் ஓடத் தொடங்கியதும் திருச்செந்தூருக்கே திரும்பிவிட்டன. இப்போதும் இராத்திரி பதினொரு மணிக்குத் துட்டி வீட்டுக்குக் காப்பிப் பொடியும் சீனியும் வேண்டுமென்றால் தட்டுவது இந்தக் கதவைத்தான். மாதச் சாமான் அங்கே, அவசரத்துக்கு இங்கே. “அவசரத்தை மட்டும் வித்து வாடகை குடுக்க முடியுமாய்யா?” என்று கேட்டுவிட்டு டீ மாஸ்டர் பாய்லரைப் பார்க்கத் திரும்பினார். பஜாரில் ஷட்டர் இறங்கியே கிடக்கிற கடைகள் அந்த பெஞ்சிலிருந்தே தெரிகின்றன.

ஆகவே கடற்கரைச் சிற்றூர்களில் இருக்கிறவர்களுக்கும், அங்கே சாமி கும்பிடவும் கடல் பார்க்கவும் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வாங்குங்கள் என்று கேட்கவில்லை. போனில் விரல் வைப்பதற்கு முன் ஒரு தடவை கடையில் கேளுங்கள். இல்லையென்றால் சொல்லி வையுங்கள், அடுத்த லைன் வண்டியில் வந்துவிடும். அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள், கோபித்துக்கொண்டு கடையை மாற்றாதீர்கள். கருப்பட்டியை உடைத்துப் பார்த்து, சப்பிப் பார்த்து, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். மீனைக் கரையில் வாங்குகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நோட்டில் உங்கள் வீட்டுப் பக்கம் ஏதாவது பாக்கி இருந்தால் இந்த மாதமே கட்டிவிடுங்கள்.